இடப்பக்க ஸ்டாண்டில் ஒரு கீறல்

நேற்று நீங்கள் தொலைபேசியில் கேட்டதற்கு நான் முழுதாகப் பதில் சொல்லவில்லை, திரு. லாங்டன். இடப்பக்க ஸ்டாண்டின் பின்காலில் கறுப்புப் பெயின்ட் பெயர்ந்து ஒரு கீறல் இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று கேட்டீர்கள். ஸ்பேனர் பட்டது என்றேன். ஸ்பேனர் பட்டதுதான். ஆனால் பழைய ஸ்பீக்கர் கைமாறும்போது விற்கிறவன் அதன் குறைகளை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் வட்டத்தின் வழக்கம். எந்த வருஷம் எதை மாற்றினோம், வெயில் படும் இடத்தில் வைத்திருந்தோமா, வீட்டில் யாராவது புகைபிடிப்பார்களா என்பதுவரை எழுதுவோம். வியாழக்கிழமை உங்கள் வேன் வருவதற்குள் நானும் எழுதி முடித்துவிடுகிறேன். இந்த வீட்டில் யாரும் புகைபிடித்ததில்லை.

இந்த ஜோடியை நான் 1974இல் பீட்டர்பரோவில் ஒரு பல் மருத்துவரின் விதவையிடமிருந்து வாங்கினேன். மருத்துவர் இறந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. அந்த அம்மாள் ஸ்பீக்கர்களைச் சுவரோடு சுவராகத் தள்ளிவைத்து, மேலே பூச்சட்டி வைத்திருந்தார். காரில் ஏற்றி ஸ்டாம்ஃபர்டில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியதும், வாசலில் நின்று பார்த்த என் மனைவி யூனிஸ் முதலில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ரெண்டு ஹீட்டர் வாங்கிட்டு வந்திருக்கே, டெஸ். சூடு வருமா?"

பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும். வெண்கல நிறத்தில் வளைந்த வலைத்தகடு, குட்டை மரக்கால்கள். அதன் பிறகு பதினேழு வருஷம் அவள் அவற்றை ஹீட்டர் என்றே அழைத்தாள். நான் வருத்தப்பட்டதில்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்தக் கடிதத்தை உங்கள் மனைவியும் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். மற்ற ஸ்பீக்கர்களில் பெட்டிக்குள் ஒரு காகிதக் கூம்பு அதிரும். இதில் பெட்டியே கிடையாது. துளையிட்ட தகடுகளுக்கு நடுவே, சருகைவிட மெல்லிய ஒரு தாள் இறுக்கிக் கட்டியிருக்கும். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஏறி நிற்கும். அதற்காக ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சுவரில் செருகும் தனி பிளக் உண்டு. அந்தத் தாள்தான் பாடுகிறது. முன்பக்கம் பாடுவது போலவே பின்பக்கமும் பாடும். அதனால் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, அறைக்குள் நிறுத்த வேண்டும். இன்னொன்று, ஒலி ஒரு குறுகிய பாதையில்தான் வரும். சரியான இடத்தில் ஒரு தலைதான் இருக்க முடியும். நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினால் நடுவில் நிற்கும் பாடகி ஓரத்துக்குப் போய்விடுவாள். ஆகவே எங்கள் முன்னறையில் ஒரே நாற்காலி. சோபாவை மாடிக்கு ஏற்றிவிட்டேன். இது பிடிவாதம் இல்லை, அந்தத் தாளின் இயல்பு. யூனிஸ் அதைப் புரிந்துகொண்டாள். சமையலறையில் அவளுக்கென்று ஒரு சின்ன ரேடியோ இருந்தது. நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

ஸ்டாண்டுகளுக்கு வருகிறேன். உங்களுக்கு மிகவும் பிடித்தவை அவைதான் என்று சொன்னீர்கள். நன்றி.

மரக்கால்களில் இவை தரையோடு தாழ்ந்து, பின்னால் சாய்ந்து நிற்கும். என் நண்பர் நார்மன் டக்கெட் ரேடியோ பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் வருவார். நாற்காலியில் உட்கார்ந்து ரெகார்டின் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டு, "உன் பாடகி கார்ப்பெட்ல சம்மணம் போட்டுல்ல பாடுறா. பாவம், ஒரு ஸ்டூலாவது குடுப்பா" என்பார். 1991ஆம் வருஷம் வசந்தத்தில் அதைச் சரிசெய்வது என்று முடிவெடுத்தேன். முப்பது வருஷம் பாலங்களுக்கு வரைபடம் போட்டவன் நான். உண்மை அளவிலேயே காகிதத்தில் வரைந்தேன். நாற்பது மில்லிமீட்டர் சதுர எஃகுக் குழாய், உள்ளே காய்ந்த மணல். மரக்கால்களைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரின் உலோகச் சட்டத்திலேயே இறுக்கினேன். பாடகியின் வாய் என் காதுக்கு நேராக வந்தது.

எஃகுக் கால்கள் துளியும் ஆடக்கூடாது. கார்ப்பெட்டைத் துளைத்து, பலகையைத் துளைத்து, அடியில் இருக்கும் உத்திரம்வரை போல்ட் போட்டேன். ஒரு ஸ்டாண்டுக்கு நான்கு. செப்டம்பரில் முடித்தேன். யூனிஸ் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தாள்.

"கார்ப்பெட்ல ஓட்டை போட்டிருக்கே."

"எட்டுதான்."

"டெஸ், வீட்டை விக்கப்போறோம். அது உனக்கு ஞாபகம் இருக்கா, இல்ல நான் தினமும் காலையில சொல்லணுமா?"

ஞாபகம் இருந்தது. நான் ஓய்வு பெற்றதும் குரோமரில் அவள் தங்கை ஐவியின் தெருவில் மாடியில்லாத ஒரு சிறிய வீட்டுக்குப் போவது என்று பேச்சு. கடல் பக்கம், படிக்கட்டு இல்லை, தங்கை பக்கத்தில். யூனிஸின் முழங்காலுக்கும் நல்லது. அவள் வேறெதையும் அப்படி ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. வீட்டைப் பார்க்கப் போனபோது மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, நான் டேப் பிடித்து முன்னறையை அளந்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அங்கே வைத்தால் ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம், ஸ்பீக்கருக்கும் என் மூக்குக்கும் நடுவே நான்கடி. அதாவது வைக்க முடியாது. "என்ன, பிடிச்சிருக்கா?" என்று ஐவி கேட்டாள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றேன். வீட்டை விற்க வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஸ்டாண்டு போட்ட பிறகு ஒரு முனகல் கேட்க ஆரம்பித்தது. பாட்டு நின்றாலும் நிற்காத, தாழ்ந்த 'ம்ம்ம்'. முன்பும் இருந்திருக்க வேண்டும். காதுக்கு நேராக வந்ததும் தெரிந்தது. நார்மனைக் கூப்பிட்டேன். அவர் நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டார்.

"எர்த் ரெண்டு வழியா சுத்துது. ஆம்ப்ளிஃபயர்ல ஒண்ணு, இதுல ஒண்ணு. பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் எர்த் ஒயரைக் கழட்டு, நின்னுடும்."

"கழட்டலாமா?"

"புத்தகத்துல கூடாதுன்னு இருக்கும். நம்மாளுங்க எல்லாரும் கழட்டுவாங்க. எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும்தான். ராத்திரி மறக்காம மாட்டிடு." வாசலில் யூனிஸ் நின்றிருந்தாள். அவளைப் பார்த்துக் கண்சிமிட்டினார். "பொண்டாட்டி மேல பாசம் இருந்தா."

"அப்ப மாட்ட மாட்டான்" என்றாள் யூனிஸ். மூவரும் சிரித்தோம்.

இரண்டு ஸ்பீக்கரிலும் கழற்றினேன். திரு. லாங்டன், அந்த அமைதியை உங்களுக்கு எப்படிச் சொல்வது. பாடகி மூச்சு இழுக்கும் முன் அவள் உதடு பிரியும் ஓசை கேட்டது. செல்லோ வாசிக்கிறவர் இசைத்தாளின் பக்கத்தைத் திருப்பும்போது அவர் சட்டையின் உரசல் கேட்டது. பதினேழு வருஷமாகத் துணியால் மூடியிருந்த ஜன்னலைத் திறந்ததுபோல் இருந்தது. அன்று இரவு மாட்டவில்லை. மறுநாளும் மாட்டவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை யூனிஸ் தூசி துடைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். கையை உதறிக்கொண்டே வந்தாள்.

"உன் ஹீட்டர் கடிக்குது."

"கார்ப்பெட்ல நடந்துட்டு இரும்பைத் தொட்டா அப்படித்தான்."

"அது எனக்குத் தெரியும். அது சுருக்குன்னு இருக்கும், போயிடும். இது விர்ருன்னு தோள் வரைக்கும் ஏறுச்சு. இடதுபக்கம் இருக்கிறது."

டெஸ்டரை எடுத்துப்போய் இடப்பக்க ஸ்டாண்டில் வைத்தேன். உள்ளே இருக்கும் குட்டி விளக்கு நன்றாக எரிந்தது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிக்காப்பு முப்பது வருஷத்தில் நைந்து, வீட்டு மின்சாரம் உலோகச் சட்டத்துக்குக் கசிகிறது, சட்டத்திலிருந்து ஸ்டாண்டுக்கு. எர்த் இருந்திருந்தால் அது தரைக்குப் போய் ஃபியூஸ் எரிந்திருக்கும். டெஸ்டரை மேஜை இழுப்பறையில் திருப்பி வைத்தேன்.

நிதானமாக யோசித்தேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். எர்த்தை மாட்டினால் ஒவ்வொரு முறையும் ஃபியூஸ் போகும், இசை கிடையாது. டிரான்ஸ்ஃபார்மரைப் புதிதாகச் சுற்ற அனுப்பலாம். அந்த வேலை தெரிந்தவர் அப்போது ஒருவர்தான், ஏழு வாரம் ஆகும் என்றார். வீடு கைமாறுவதற்கு முன் இந்த அறையில் எனக்கு எஞ்சியிருந்தது ஏறக்குறைய அதே ஏழு வாரம்தான். இரண்டையும் எடைபோட்டபோது, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதே எளிய வழி என்று தோன்றியது. யூனிஸுக்கு நீளக் காம்பு வைத்த இறகுத் துடைப்பம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அணைக்காமல் தொடாதே என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை, பயந்துவிடுவாள். அவள் தொடவில்லை. எங்கள் பூனையும் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டது.

அந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம் அவள் துடைப்பத்துடன் வந்தவள், நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் ஒரு ரெகார்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன். ஒரு பக்கம் முழுவதும், இருபத்திரண்டு நிமிஷம், துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. இத்தனை வருஷமா இதையா நீ தனியா கேட்டுட்டிருந்தே?"

நான் தலையசைத்தேன்.

"நான் இங்க உக்காந்தா நீ எங்க உக்காருவே?"

நான் ரெகார்டை மறுபக்கம் திருப்பிப் போட்டேன். எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு உட்காரவில்லை.

அக்டோபர் பதினேழு, வியாழன். வீட்டுக்கு விலை மதிப்பிடுகிறவர் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. யூனிஸ் காலையிலிருந்து ஜன்னல் கழுவினாள். பத்தரைக்கு, சட்டைக் கை முழங்கைக்கு மேலே சுருட்டியிருக்க, முன்னறை நடுவில் வந்து நின்றாள்.

"இது ரெண்டையும் சுவரோரம் தள்ளினா அறை பெருசாத் தெரியும்."

"போல்ட் போட்டிருக்கு."

"போட்டவனே கழட்டலாம்ல?"

"முதுகு பிடிச்சிருக்கு, யூனிஸ்." உண்மையாகவே பிடித்திருந்தது.

"சரி, ஸ்பேனரைக் குடு. கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருஷமா இந்த வீட்ல ஜாம் பாட்டில் மூடியை யார் திறக்குறான்னு நினைச்சே? நீயா?"

பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். தேநீர் போடச் சமையலறைக்குப் போனேன்.

இடப்பக்க ஸ்டாண்டின் முன்பக்கத்து இரண்டு போல்ட்டுகளும் கழன்றன. "ரெண்டு வந்துடுச்சு" என்று குரல் கொடுத்தாள். குரலில் பெருமை இருந்தது. அவள் ரப்பர் செருப்போடு கார்ப்பெட்டில் நின்றதால் அதுவரை ஒன்றும் தெரிந்திருக்காது. பின்பக்கத்து போல்ட் அப்படியில்லை. ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் ஒரு மீட்டர் இடைவெளிக்குள் மண்டியிட வேண்டும். அந்தச் சுவரில்தான் வெந்நீர் ஓடும் இரும்பு ரேடியேட்டர் இருக்கிறது. நேராகப் பூமிக்குப் போகும் இரும்பு. முழங்கால் வலிக்காரர் யாரும் அதில் கை ஊன்றாமல் அங்கே மண்டியிட முடியாது. பின்பக்கத்து போல்ட்டுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தொள்ளாயிரத்து நாற்பது மில்லிமீட்டர். வரைபடத்தில் இருக்கிறது. வரைந்தவன் நான்.

சத்தம் எதுவும் வரவில்லை. ஸ்பேனர் விழுந்த ஓசை மட்டும் கேட்டது. நீங்கள் கேட்ட கீறல் அதுதான்.

கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. முதலில் அதை அணைத்தேன். பிறகு முன்னறைக்குப் போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். மின்சாரத்தில் மாட்டியவரைத் தொடுவதற்கு முன் அதைச் செய்ய வேண்டும். அது அடிப்படை விதி. யூனிஸ் பக்கவாட்டில் சரிந்து கிடந்தாள். மணிக்கட்டில் நாடி பார்த்தேன். இருந்ததா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு பிளக்கைத் திறந்து எர்த் ஒயரை அதன் இடத்தில் மாட்டினேன். திருகு இறுக்கமாக இருந்ததால் நான்கு நிமிஷம் ஆனது. எதற்கும் இருக்கட்டும் என்று வலப்பக்கத்தையும் மாட்டினேன். இடப்பக்கத்தை மறுபடி சுவரில் செருகினேன். எதிர்பார்த்தபடி ஃபியூஸ் போனது. அப்புறம் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

மதிப்பிடுகிறவர் சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். ஆம்புலன்ஸைப் பார்த்து வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். பேசும்போது அவர் கண் என் தோளுக்கு மேலே முன்னறையை அளந்துகொண்டிருந்தது. நல்ல அறை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

விசாரணை சுருக்கமாக முடிந்தது. சோதித்தவர் எர்த் மாட்டியிருப்பதையும் ஃபியூஸ் எரிந்திருப்பதையும் குறித்துக்கொண்டார். பாதுகாப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது, ஈரக் கை, ரேடியேட்டர், பழைய கருவி, ஒரு கணத் தாமதம், விபத்து. அவள் கழற்றத் தொடங்கியது எனக்குத் தெரியாது, சமையலறையில் இருந்தேன் என்று சொன்னேன். எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டார்கள்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நார்மன் என்னைத் தனியாக இழுத்தார். அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"டெஸ், அந்த எர்த்... நான்தானே சொன்னேன்."

"அன்னிக்கு ராத்திரியே மாட்டிட்டேன் நார்மன். நீங்க சொன்னபடி."

அறுபது வயதைத் தாண்டிய மனிதர், என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். "அப்பா, இப்பதான் மூச்சு வருது" என்றார். அதன் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். அந்த நிம்மதியை அவருக்குக் கொடுக்க முடிந்ததில் எனக்குத் திருப்தி உண்டு.

டிரான்ஸ்ஃபார்மர் இரண்டையும் அந்தக் குளிர்காலத்தில் புதிதாகச் சுற்றி வாங்கிவிட்டேன். ஏழு வாரம்தான் ஆனது. சுற்றியவர் சொன்ன சொல் தவறவில்லை. அப்போது அவசரமும் இல்லை. குரோமருக்கு நான் போகவில்லை. எர்த் இரண்டிலும் இருக்கிறது, நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். முனகல் கொஞ்சம் இருக்கும். எனக்கு இப்போது காது மங்கிவிட்டதால் தெரிவதில்லை. விற்கக் காரணமும் அதுதான். எட்டு போல்ட்டுகளும் தனிப் பையில் வருகின்றன. ஸ்பீக்கர்களைப் பார்க்க வந்த அன்று, விருந்தாளிகள் வந்தால் சுவரோரம் தள்ளிவைக்கலாமா என்று திருமதி லாங்டன் கேட்டார். கூடாது. பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

ஒன்று விட்டுப்போயிற்று. குறை என்று எழுத ஆரம்பித்தபின் பாதியில் நிறுத்துவது சரியல்ல.

ஸ்பேனரை வாங்கிக்கொண்டபோது யூனிஸ் உடனே குனியவில்லை. அவள் கவனமானவள். நான் தொடாதே என்று சொன்னதை நினைவில் வைத்திருந்தாள். ஸ்பேனரை இடப்பக்க ஸ்பீக்கர் பக்கம் நீட்டிக் காட்டி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சு" என்றேன்.

அணைக்கவில்லை. சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தத் தாளில் மின்சாரம் ஏறி முழுக் குரல் வர அரை நாள் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அவற்றை அணைப்பதே இல்லை. கால்மணி நேரம் அணைத்தால் ஒன்றும் குறையாது என்று நார்மன் சொல்லியிருப்பார். இருக்கலாம். அன்று மாலை ஏழரைக்கு வானொலியில் ஒரு கச்சேரி நேரடியாக வர இருந்தது. பல வாரமாகக் காத்திருந்தேன்.

அதை என்னால் கேட்க முடியவில்லை. அதற்காக நான் யூனிஸை ஒருநாளும் குறை சொன்னதில்லை.